முதுமாணிக்கு மூன்று ஜக்குக் கஞ்சி

ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் பேச்சு வரவைப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான், என் வாழ்க்கையின் மிக முக்கியமான ஒரு நாளில், சொல்ல வேண்டிய ஒரேயொரு விசயத்தைச் சொல்ல வேண்டிய ஒரேயொரு ஆளிடம் சொல்லவில்லை. அந்த ஆள் என் உம்மா. மறந்துபோய்விட்டேன் என்று கொஞ்சக் காலம் சொல்லித் திரிந்தேன். உண்மையான காரணம் கொழுப்பு. (உடம்பிலும் கொஞ்சம் உண்டுதான், நான் சொல்வது மற்றதை.)

நான் கிழக்கிலங்கைக் கல்முனைக்காரி. ஆஸ்பத்திரியில் பேச்சு, மொழிச் சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். இது என்ன வேலை என்று எங்கள் பக்கத்தில் விளக்குவதே தனியொரு வேலை. மீலாத் விழா நெருங்கினால் போதும், "பேச்சுப் போட்டிக்கு இவனக் கொஞ்சம் பழக்கி விடுங்க டீச்சர்" என்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். திக்குவாய்க்கு வைத்தியம், பேச்சுப் பிந்திய பிள்ளைகளுக்கு வைத்தியம் என்பதுவரை சிலருக்குப் பிடிபடும். பாரிசவாதத்தில் கைகால் விழுந்தவர்களுக்கு விழுங்கப் பழக்குவதும் என் வேலைதான் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. "விழுங்கிறதுக்குமா புள்ள படிக்கணும்?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். அவர் வட்டிலப்பம் விழுங்குகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படும்.

ஒருநாள் ஒலுவிலிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் சொந்தப் படகு வைத்திருந்தவர். பாரிசவாதத்துக்குப் பிறகு ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாலும் புரைக்கேறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். போதவில்லை. கடைசியில் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அம்புலன்ஸில் ஏறப்போன அவருடைய மனைவி என் பக்கம் திரும்பி, "இஞ்ச இதுக்குப் படிச்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையா மிஸ்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். விழுங்கல் கோளாறுகளில் முதுமாணிப் பட்டம் படித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அகப்பட்டது. அவர்கள் கேட்ட தகைமைகள் கொஞ்சநஞ்சமல்ல. முதல் பட்டம் வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாவது வேலைசெய்திருக்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்க வேண்டும். எனக்கு மேலே இருக்கிற இரண்டு பேர் என்னைப் புகழ்ந்து எழுத வேண்டும். (அதிலொருவர் புகழ்வதில் மகா சிக்கனம். என்னைப் பற்றி அவர் சொன்ன மிக உயர்ந்த வார்த்தை "பரவாயில்லை".) ஊர் மாமிமாருக்கோ வேறு தகைமைகள். மாப்பிள்ளை சம்மதித்தாரா, பிள்ளை குட்டி எப்போது, படித்து முடித்தால் சம்பளம் கூடுமா, கூடாவிட்டால் எதற்கு இந்தத் தலையிடி? இரண்டு தரப்பையும் ஒருமாதிரிச் சமாளித்துக் கடைசிப் படிக்கு வந்துசேர்ந்தேன்.

அந்தக் கடைசிப் படி, காணொளியில் ஒரு நேர்முகத் தேர்வு. வெறும் கேள்வி பதில் அல்ல, செய்முறையும் உண்டு. மூன்று விதமான தடிப்பில் பானம் தயாரித்துவைத்து, எது எப்படிப்பட்ட நோயாளிக்கு என்று கமராவுக்கு முன்னால் செய்துகாட்ட வேண்டும். இதில் கவிழ்ந்தால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். நாள் நோன்பு மாதத்தில் விழுந்தது. நேரம் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு.

மற்றவர்கள் தண்ணீரில் மாவைக் கலக்கிக் காட்டுவார்கள், நான் என் மண்ணின் உணவிலேயே செய்துகாட்டி அசத்துவேன் என்று எனக்கொரு யோசனை. நோன்புக் கஞ்சி! அன்று காலையிலேயே உம்மாவைக் கொண்டு சின்னதாய் ஒரு பானை கஞ்சி காய்ச்சுவித்து, அதை அரைத்து, துணியில் வடித்து, தடிப்பாக்கும் மாவை அளந்து கலந்து, மூன்று ஜக்குகளில் ஊற்றினேன். முதலாவது தண்ணீர் மாதிரி. இரண்டாவது சீனிப்பாணி மாதிரி. மூன்றாவது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று ஒட்டி, சமையலறை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, நானே ஒரு பேராசிரியை ஆகிவிட்ட நினைப்பில் நின்றேன்.

உம்மா வந்து பார்த்தார். "என்ன புள்ள இது?"

"அது உங்களுக்கு விளங்காது உம்மா."

இதுதான் நான் செய்த வேலை. சொல்லிவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பயிற்சிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போய்விட்டேன். உம்மா பின்னாலேயே வந்து ஏதோ சொன்னார். நான் "ஓம் உம்மா, ஓம்" என்று தலையை ஆட்டினேன். அவர் சொன்னது இது என்று பிறகுதான் தெரிந்தது: "இண்டைக்கு மாமியாக்கள் நோன்பு திறக்க நம்மட வீட்ட வாறாங்க மகள். கேட்டுதா?"

எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். என் கணவரும் அப்படித்தான். அதனால் அவருடைய வீட்டார் எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வருவதென்றால் அது சாதாரண விசயமல்ல. எங்கள் கஞ்சியின் ருசி அவர்கள் தெருவில் பெருநாள்வரை பேசப்படும். இப்போது உம்மாவின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று சொன்னதற்கு மகள் "ஓம்" என்கிறாள். மேசையில் மகள் தன் கையால் அரைத்து வடித்த கஞ்சி மூன்று ஜக்கு. ஒன்று கழனித் தண்ணீர். ஒன்று பரவாயில்லை. ஒன்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை.

நான் அஸர் தொழுது, அபாயா மாற்றி, கண்ணாடிக்கு முன்னால் ஆங்கிலத்தில் சிரித்துப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் உம்மா குடும்ப மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மூன்றையும் ஒரே பானையில் கவிழ்த்து, அரிசி சேர்த்து, இஞ்சியும் ரம்பை இலையும் போட்டு, கொத்திய இறைச்சியைக் கொட்டி, தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கவைத்து, மறுபடியும் அதே மூன்று ஜக்குகளில் சரிசமமாக ஊற்றி மூடிவைத்துவிட்டார். ஒட்டியிருந்த இலக்கங்கள் நனையாமல்கூடப் பார்த்துக்கொண்டாராம். நான் ஏற்கெனவே சொல்லிவைத்தபடி என் கணவர் அவற்றைத் தூக்கிவந்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வைஃபை பெட்டிக்குக் காவலிருக்கப் போனார். ஜக்கைத் தொட்டபோது சுட்டது. பதற்றத்தில் என் கைதான் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை, பக்கத்தில் இளம் வைத்தியர் ஒருவர். கேள்விகளுக்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னேன். பேராசிரியை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "சரி, இனிச் செய்முறை" என்றார்.

"இது மிகவும் இலகுவான பானம். தண்ணீர்போல ஓடும்" என்று அறிவித்துவிட்டு, முதலாம் ஜக்கிலிருந்து எடுத்து, தடிப்பை அளக்கிற சிறிஞ்சில் ஊற்றினேன். ஊற்றியது இறங்க வேண்டும். இறங்கவில்லை. சிறிஞ்சின் வாயில் ஒரு துண்டு இறைச்சி சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தது.

"இதுவா மிகவும் இலகுவானது?" என்று கேட்டார் இளம் வைத்தியர்.

முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தாவினேன். "இது கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது" என்று சொல்லிக் கவிழ்த்தேன். கணினியின் விசைகளுக்கு மேலே கொழகொழவென்று கஞ்சி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் கஞ்சியில் சந்தேகம் வந்தால் செய்கிற காரியம் ஒன்றுதான். கை தானாகக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. ருசி பார்த்தேன். (ருசி அபாரம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.) இது உம்மாவின் கைப்பக்குவம் என்று நாக்குச் சொன்ன அந்த நிமிசமே பகீரென்றது, மூச்சை உள்ளே இழுத்தேன், ஒரு பருக்கை வழிமாறிப் போனது.

விழுங்கல் நிபுணராகப் போகிறவள், விழுங்கல் தேர்வில், இரண்டு நிபுணர்களுக்கு முன்னால் புரைக்கேறிக் கண்பிதுங்கி இருமிக்கொண்டிருக்கிறேன். இதைவிட விமரிசையாக ஒருவர் தோற்க முடியாது என்று நினைத்தேன். அதுவும் பிழை. கதவு திறந்தது.

"யா அல்லாஹ், என்ட புள்ளைக்குப் புரைக்கேறிட்டு!"

புரைக்கேறினால் உச்சந்தலையில் தட்டாதீர்கள், உடனே தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று நான் ஆஸ்பத்திரியில் தினமும் தொண்டை கிழியச் சொல்லுகிறவள். உம்மா என் உச்சந்தலையில் ஓங்கித் தட்டினார். தண்ணீரை வாயில் வைத்தார். நானும் மடக் மடக்கென்று குடித்தேன். குடித்து முடித்த பிறகு ஆளையாள் பார்த்துக்கொண்டோம். உம்மா வாயைப் பொத்தினார்.

"அடியே, நோன்பு!"

திரையில் பேராசிரியை அசையாமல் இருந்தார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஆசையோடு பார்த்தேன். என் கணவர் காவலில் குறை வைக்கவில்லை; படம் துல்லியமாகத் தெரிந்தது.

"இவர் உங்கள் தாயாரா? இந்த மாதிரிகளுக்கு என்ன நடந்ததென்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார் பேராசிரியை.

கேட்டேன். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்துச் சொன்னார்: "வாற சம்பந்திக்குக் கழனித் தண்ணியக் குடுத்து எங்கட மூக்க அறுக்கப் பாத்தாள். நான் உடுவனா?"

"சத்துப் போதாது என்று தாயார் கவலைப்பட்டிருக்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

"இவற்றைப் பற்றி நீங்கள் அவரிடம் என்ன சொல்லிவைத்திருந்தீர்கள்?"

நான் உம்மாவைப் பார்த்தேன். "என்னவாம் கேக்கிறா?" என்றார் உம்மா. சொன்னேன்.

"சொன்னாய்தானே. 'உங்களுக்கு விளங்காது' எண்டு சொன்னாய்."

அதை மட்டும் ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. பொய் சொல்லத் தெம்பில்லாமல் போயிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. கஞ்சி கொட்டியதற்கோ இருமியதற்கோ அல்ல.

"அப்படியானால் இப்போது விளங்கப்படுத்துங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார் பேராசிரியை.

உம்மாவைப் பக்கத்தில் இருத்தினேன். தொண்டை சரியில்லாத ஒருவருக்குத் தண்ணீர் ஓடிப்போய் நெஞ்சுக்குள் விழுந்துவிடும், அதனால் தடிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று தொடங்கினேன்.

"ஆரு அந்த மனுசன்? எந்த ஊரு?"

"ஆளில்ல உம்மா. இது பரீட்சைக்கு."

"ஆளே இல்லாத ஆளுக்கா இவ்வளவு கஞ்சி?"

அப்போதுதான் ஒலுவில்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் மனைவி கேட்டதையும் சொன்னேன். அதுவரை வீட்டில் ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. உம்மா முக்காட்டு நுனியால் விசைகளில் கிடந்த கஞ்சியைத் துடைத்தார்.

"இத முந்தியே சொல்லியிருக்கலாமே மகள். சம்பந்திக்கு நான் வேற பானை வெச்சிருப்பனே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பேராசிரியை அதை இருமலின் மிச்சமென்று நினைத்திருக்கக்கூடும் என்பது என் நம்பிக்கை.) மூன்று தடிப்பையும் நான் சொல்லி முடித்ததும், விளங்கியதைத் தாயார் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும் என்றார்கள். உம்மா விரல்விட்டுச் சொன்னார்: "முதலாவது ஓடுற கஞ்சி. ரெண்டாவது நடக்கிற கஞ்சி. மூணாவது உட்ட இடத்திலேயே குந்தி இரிக்கிற கஞ்சி." மொழிபெயர்த்தேன். பேராசிரியை சிரித்தேவிட்டார்.

அன்று நோன்பு திறந்தபோது மாமியார் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "மருமகள் வெச்சதா?" என்று கேட்டார். "ஓம், அவள்தான்" என்றார் உம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். என் நோன்பு முறிந்ததா இல்லையா என்பதுதான் அன்றைய பெரிய பேச்சு. மறதியில் குடித்தால் முறியாது என்று என் கணவர் வாதாடினார். "அவள் மறந்தாள் சரி, தண்ணி குடுத்த நானும் மறந்தா குடுத்தன்?" என்று உம்மா கேட்டார். வம்பே வேண்டாமென்று நான் பெருநாள் முடிந்த பிறகு அந்த ஒரு நோன்பைத் திருப்பிப் பிடித்துக் களாச் செய்துவிட்டேன். வாதம் மட்டும் இன்றுவரை முடியவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. அறிவு போதும், அனுமதி உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை: நோயாளியின் குடும்பத்தோடு உரையாடும் பயிற்சியை முதலில் முடித்து, துறை சாராத ஒருவருக்கு நான் விளங்கப்படுத்துவதைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். துறை சாராத ஆளுக்கு நான் எங்கே போவேன்? எல்லாப் பதிவிலும் உம்மாதான். ஒவ்வொன்றும், பேராசிரியையை விசாரித்து, "மிஸ் சுகமா இரிக்கிறாவா?" என்றே தொடங்கும்.

இப்போது முதுமாணி முடிந்துவிட்டது. ஒலுவிலிலிருந்து யாரும் விழுங்க முடியாமல் வந்தால் முதலில் நானே பார்க்கிறேன். வீட்டாரையும் கூடவே இருத்திக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி உம்மா வைத்த பெயரில்தான் கேட்கப்படுகிறது. "எனக்கு நடக்கிறது ஒரு கோப்பை" என்பார் மாமியார்.

போன வாரம் மருதமுனையிலிருந்து ஒரு பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேச்சுச் சிகிச்சையில் பட்டம் முடித்தவள். முதுமாணிக்கு என்னென்ன தகைமை வேண்டும் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"டிகிரி வேணும், ரெண்டு வருசம் ஆஸ்பத்திரி வேணும், இங்கிலீசு வேணும். மறுகா, உம்மாக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போகணும்."

அந்தப் பிள்ளை குனிந்து அதையும் எழுதிக்கொண்டாள்.