பரிசத்தன்று மரத்துப்போன வாய்

வாயால் பிழைத்தவனுக்குக் கண்டம் வாயில்தான் வரும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையால், எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி இரண்டு வாங்கினேன் என்றால், அது முழுக்கப் பேச்சால்தான். (உழைப்பும் உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்குப் பொழுது போதாது.)

மகளுக்குப் பரிசம் போட ஒரு வாரம் இருக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று குத்த ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பண்டார் பாரு. அப்பா இல்லை, குடித்தே போய்விட்டார். மாப்பிள்ளையின் அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "குடிக்கிற வீடு மட்டும் வேணாம்ணே."

நெஞ்சைத் தட்டினேன். "இந்த நாக்குல ஒரு சொட்டு பட்டதில்ல தங்கச்சி."

அது உண்மை. என் வாழ்நாளில் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பரிசத்தில் பெண்ணைப் பெற்றவர் வெற்றிலைபாக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு சபையில் மூன்று முறை சொல்ல வேண்டும்: "எங்க பொண்ண உங்க வீட்டுக்குக் கொடுக்கச் சம்மதம்." என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சொல்ல நான் ஒருவன்தான். லோரி ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன்.

பரிசத்தன்று வலியில் கண் தெரியவில்லை. "தள்ளி வச்சிக்கலாம்பா" என்றாள் மகள்.

"உங்கப்பன் எதையும் தள்ளி வச்சவன் இல்ல."

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பல் கிளினிக். மதியம் போனேன். டாக்டர் சின்னப் பெண். படம் எடுத்துப் பார்த்தாள்.

"பல்லுக்குள்ள நரம்பு கெட்டுப்போச்சு அங்கிள். பிடுங்க வேணாம். வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். இன்னிக்குப் பாதி, அடுத்த தடவை மீதி, கடைசியில மேல ஒரு தொப்பி. மரத்துப்போக ஊசி போடுவேன். மூணு நாலு மணி நேரம் வாய் உங்க பேச்சைக் கேக்காது. சாயங்காலம் ஏதும் வேலை இருக்கா?"

"ஒன்னும் இல்ல லா." (பரிசம் என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவாளே!)

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் தாளை மாட்டினாள். இளமையெல்லாம் ரப்பரில் பிழைத்தவன் வாயைக் கடைசியில் ரப்பரே மூடியது. மயிரிழை போன்ற ஊசிகளை உள்ளே விட்டுச் சுரண்டினாள். வலிக்கவே இல்லை. எப்படி வலிக்கும்? வலிக்கும் முன்பே கையைத் தூக்கி இன்னொரு மரப்பு ஊசி கேட்டு வாங்கிக்கொண்டேனே!

சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். தட்டோடு எழுந்தேன். நாக்கில் பாதி என்னுடையது, பாதி யாருடையதோ. "எந்த பொந்த..." என்று ஏதோ வந்தது, கூடவே எச்சில் வெற்றிலை மேல் வழிந்தது. உதட்டைக் கடித்திருக்கிறேன், அதுகூடத் தெரியவில்லை. பதற்றத்தில் கால் வேறு தள்ளாடியது.

"பகல்லயே தண்ணி ஏத்திட்டாரு போல" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"ஊதுங்கண்ணே."

சபை முழுக்கப் பார்த்திருக்க, ஊதினேன். எச்சிலும் ரத்தமும் அவர் கன்னத்தில் தெறித்தன. துடைக்காமல், மூக்கை என் வாயருகே கொண்டுவந்து நிதானமாக முகர்ந்தார். எத்தனை ராத்திரி கதவோரம் நின்று பழகிய முகர்தல் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மருந்து வாடைதான்" என்றார் சபையிடம்.

உள்ளறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். "பல்லுக்கு ஊசி போட்டிருக்காரு அத்தை!"

பரிசம் நடந்தது. ஆனால் தட்டு கைமாறிவிட்டது. நாலு வார்த்தை கோத்துப் பேசத் தெரியாதவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவந்த என் மச்சான், மூன்று முறையும் பிசிறில்லாமல் சொல்லி முடித்தான். எல்லோரும் போனபின் உதட்டில் உணர்வு வந்தது. பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றேன்.

"எங்க பொண்ண..."

"பேசாதீங்கப்பா, ரத்தம் வருது."

மறுபடியும் கிளினிக் போய் அடைத்து, தொப்பி போட்டுக்கொண்டதில் அந்தப் பல் இன்றும் முறுக்கு கடிக்கிறது. எந்த விசேஷத்தில் நான் பேச எழுந்தாலும் சம்பந்தியம்மா குரல் கொடுப்பார்: "அண்ணே, மொதல்ல ஊதுங்க!"

ஊதுகிறேன். கூட்டம் சிரிக்கிறது. அவரும் சிரிப்பார். அதற்கு முன் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துக்கொள்வார்.