கண்டாக்கையா கூப்பிட்ட கண்காட்சிப் பெரட்டு

படம் பார்க்க வந்தவர்களை வரிசையில் விட்டு வேலை வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கண்டாக்கையா.

ஹட்டனுக்கு மேலே மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையை ஊரில் ‘பழைய ஸ்டோர்’ என்பார்கள். முன்பு கொழுந்து வாட்டிய அதன் மாடிதான் எங்கள் கலை அருங்காட்சியகம். நான் செயலாளர், வருகைப் பதிவேடு என் பொறுப்பு. கண்டாக்கையா முப்பத்திரண்டு வருடம் தோட்டத்து மேற்பார்வையாளராக வேலையாட்களை மேய்த்து ஓய்வுபெற்றவர். “சும்மா இருந்தா காலு வீங்குது மாஸ்டர்” என்று ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, கையில் தடி.

முதல் வாரமே, தோட்டத்து மலைகளுக்குப் போடுவதுபோல நான்கு சுவர்களுக்கும் நம்பர் போட்டார். “ரெண்டாம் நம்பர் மலையில ஒரு படம் சாஞ்சிருக்கு” என்பார். கொழுந்து பறிப்பவர்களைப் போலப் பார்வையாளர்களும் ஆளுக்கொரு நெரை, அதாவது வரிசை, பிடித்து, ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே போகவேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டு ஓவியங்களைத் தாண்டிவிட்டார்.

“ஏம்மா, நெரைய விட்டுட்டுப் போறீங்களே! அந்த ரெண்டையும் யாரு பாக்குறது, நானா?”

அந்த அம்மா திரும்பி வந்து இரண்டையும் பார்த்தார். பயத்தில் இரண்டு தடவை பார்த்தார்.

பத்து நிமிடத்தில் கிளம்பியவர்களுக்கு, பாதி நாள் வேலைக்குத் தோட்டத்தில் போடுவதுபோல ‘அரைப் பேர்’ போடச் சொன்னார். நான் மறுத்தேன். அவரே பென்சிலால் போட்டார். நான் தினமும் மாலையில் அழித்தேன்.

இத்தனை ஒழுங்கு இருந்தும் ஆள்தான் வரவில்லை. கட்டடத்தின் சொந்தக்காரர், பஜாரில் கிழங்கு மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி, ஒரு நாள் மாடியேறி வந்தார்.

“அடுத்து மூணு கண்காட்சி வருதுன்னு போர்டு போட்டிருக்கீங்க. மொதலாவதுக்கு மாடி நெறையலைன்னா மத்த ரெண்டும் கெடையாது. கெழங்கு மூட்டை அடுக்கப்போறேன்.”

முதலாவது, டயகமப் பெண்ணொருத்தி வரைந்த லயத்துக் கதவுகள்; எந்தத் தோட்டத்திலும் ஒரே அச்சாக இருக்கும் தொழிலாளர் வரிசைவீடுகளின் கதவுகள். அவளுக்கு அது முதல் கண்காட்சி.

“ஆளுதானே வேணும்? எங்கிட்ட விடுங்க” என்றார் கண்டாக்கையா.

மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் போய் நின்றார். நாளாந்தம் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. பழைய குரல் தானாகக் கிளம்பிவிட்டது.

“ஞாயித்துக்கெழம எட்டு மணி! பழைய ஸ்டோர் மாடி! அம்பது பொம்பளையாளு! லேட்டா வந்தா திருப்பி அனுப்பிருவேன்!”

எதற்கு என்று சொல்லவில்லை. பெரட்டில் யாரும் அழைப்பு விடுப்பதில்லை, வேலைதான் சொல்வார்கள்.

ஞாயிறு ஏழே முக்காலுக்கு ஐம்பத்து மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். முதுகில் கூடை, இடுப்பில் ஈரம் படாமல் கட்டும் படங்குச் சாக்கு. முன்னால் நின்றவள் மாரியாயி.

“எந்த மலைங்க ஐயா?”

கண்டாக்கையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “வேல இல்லம்மா. படம் பாக்க.”

“படம் பாக்கவா! இருக்கிறதே ஒரு லீவு நாளு. துணி தொவைக்காம, சோறாக்காம ஓடியாந்திருக்கோம்! ரிட்டயரு குடுத்தும் ஒங்க கொணம் போகலியே!”

கூட்டம் படியிறங்கத் திரும்பியது. முதலாளி மாடியின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். ஓவியப் பெண் மூலையில் நகம் கடித்தாள்.

கண்டாக்கையா தடியைச் சுவரில் சாய்த்தார்.

“தப்பு என் மேலதாம்மா. எனக்குக் கூப்பிடத் தெரியல. அந்தப் புள்ள ஒரு வருசமா வரைஞ்சிருக்கு. கொஞ்சம் பாத்துட்டுப் போங்களேன்.”

மாரியாயி நின்றாள். “ஏய், கண்டாக்கையா கெஞ்சுறாருடி!” படியெல்லாம் சிரிப்பு. “இதுக்கே ஒரு நாளு வரலாம். கூடைய எறக்குங்கடி.”

உள்ளே போன பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆனது.

“அடியே, இது நம்ம கீழ் லயத்துக் கதவு! தாப்பாளுக்குக் கரண்டி சொருகிருக்கு பாரு!”

“இந்த ஓட்டை எம்மவன் ஒதைச்சது. சரியா அதே எடத்துல வச்சிருக்குது புள்ள!”

ஒருத்தி ஓவியத்தைத் தட்டியே பார்த்தாள். கண்டாக்கையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மத்தியானம்வரை முதலாளிக்கு உள்ளே நிற்க இடம் கிடைக்கவில்லை. “சரி, மத்த ரெண்டையும் வைங்க. கெழங்குக்கு வேற எடம் பாக்குறேன்” என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் கிளம்பியபோது பதிவேட்டை மூடிவிட்டு வெளியே வந்தேன். வெறுங்கூடையை முதுகில் ஏற்ற யாருக்கும் துணை தேவையில்லை. ஆனாலும் கண்டாக்கையா படியருகில் குனிந்து குனிந்து, ஐம்பத்து மூன்று கூடைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.