கம்ப்யூட்டர் கொடுத்த மூன்று குழந்தைகள்

மேலதிகாரி சொன்னதை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அட்சரம் பிசகாமல் கேட்டேன். அதன் விளைவாக, கல்யாணமே ஆகாத என் அண்ணனுக்கு மூன்று குழந்தைகள் பிறந்துவிட்டன.

எண்பதுகளின் நடுப்பகுதி. மாதுங்காவிலிருந்து செம்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் புரோகிராமர். (கேட்டவர்களிடம் ஒரு தடவை சொல்வேன், கேட்காதவர்களிடம் இரண்டு தடவை.) டிராம்பேயில் ஒரு தொழிற்சாலைக்காக, ஊழியர்களின் விடுப்பு விவரங்களைப் பதியும் புரோகிராம் எழுதியிருந்தேன். அதைச் சோதித்துப் பார்க்க, அவர்கள் நிஜமான ஊழியர் விவரங்களையே கொடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் குல்கர்ணி பதறிப்போனார். “ஏக் பி அஸ்லி நாம் நஹி சாஹியே! யாருக்கு என்ன வியாதின்னு வெளியே போச்சுன்னா, உன் நௌக்ரியும் போச்சு!”

அசல் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சரி, இருநூறு பொய்ப் பெயர்களுக்கு எங்கே போவது? வீட்டில் அண்ணன் நடராஜனின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டியவர்களின் பட்டியல் தயாராக இருந்தது. அதை வரிசையாக ஏற்றினேன். கடைசியில் நாலைந்து பெயர் குறையவே, அண்ணனையும் அவனுக்குப் பெண் கொடுக்கும் வீட்டாரையும் சேர்த்துச் சரிக்கட்டினேன். மற்ற விவரங்களைத் தொடவே இல்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சோதனை முடிந்ததும் அச்சடித்த காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போகக் குல்கர்ணியே அனுமதித்தார். யாருடைய அசல் பெயரும்தான் இல்லையே! ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த அகலக் காகிதத்துக்கு எங்கள் கட்டடத்தில் ஏக கிராக்கி. வடையின் எண்ணெயை அது உறிஞ்சுகிற மாதிரி வேறெதுவும் உறிஞ்சாது என்பது அம்மாவின் கட்சி.

தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்கு முறுக்கு அனுப்பியபோது, டின்னுக்குள் அம்மா அதைத்தான் விரித்திருந்தாள். செம்பூரில் அவர்கள் வீட்டில் முறுக்கு தீர்ந்தது. அடியிலிருந்து காகிதம் வெளிப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி மாமி, மாமா பஞ்சாபகேசன், கல்யாணப் பெண் உஷா மூவரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். மாமி எண்ணெய்க் காகிதத்தை அம்மா முன்னால் நீட்டினாள்.

“எஸ். நடராஜன். மணமானவர். குழந்தைகள் மூணு. ஆம்படையாளுக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு வேற போட்டிருக்கார். என்ன மாமி இது?”

“ஐயோ, அது பொய்ப் பட்டியல் மாமி!” என்றேன்.

“கம்ப்யூட்டர் எங்கேயாவது பொய் சொல்லுமோ?” (அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நானே நம்பினேன்.)

“பேரை மட்டும்தான் மாத்தினேன். மத்ததெல்லாம் வேற ஒருத்தரோடது.”

“அந்த வேற ஒருத்தர் யாரு? பேரைச் சொல்லு, விசாரிச்சுக்கறோம்.”

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அண்ணன் கல்யாணம் நிற்கும். உஷாவை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அன்று அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. “சொல்லித் தொலையேண்டி ஜெயா!” என்று அம்மா அழாக்குறையாகக் கெஞ்சினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதற்குள் உஷா காகிதத்தை வாங்கி மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அப்பா, இதுல நீங்களும் இருக்கேள்! பஞ்சாபகேசன், பெண்பால், வயசு இருபத்தாறு. பிரசவ லீவு தொண்ணூறு நாள்!”

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்தார். மாமியிடம் கொடுத்தார். மாமி படித்துவிட்டு, முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்திய மனுஷரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்புக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்து விசாரித்தார்கள்.

தை மாதம் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. அண்ணன் தாமதமாக வீடு திரும்பினால், “என்ன, அந்த மூணையும் பார்த்துட்டு வரேளா?” என்று மன்னி இன்றைக்கும் கேட்கிறாள்.

மாமாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. என்னைப் பார்த்த மாத்திரத்தில் ஒரே கேள்விதான்: “ஏண்டி ஜெயா, எனக்குப் பிறந்தது பையனா, பொண்ணா?”

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அது கம்பெனி ரகசியம்.