சுத்தக் காக்கா கழுவிய புண்

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் எங்கள் சாய்ந்தமருதில் சுத்தக் காக்காவைப் போல அழுக்குக்குப் பயந்த இன்னொருவரை அல்லாஹ் படைத்திருப்பதாக நான் அறியேன். மீன் வாங்கினால் மீனுக்கே சவர்க்காரம் போடுவார். அவர் வீட்டு மீன் ஆணம் கொதித்தால் நுரை தள்ளும் என்று தெருவில் கதை. கை கொடுத்து ஸலாம் சொன்னால், பதில் சொல்லிக்கொண்டே குழாயடிக்குப் போய்விடுவார். அவருடைய சொந்தப் பெயர் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே மறந்துபோயிற்று.

அப்படிப்பட்டவருக்குத்தான் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து, உள்ளங்காலில் ஆணியும் குத்தியது. கால் மரத்திருந்ததால் குத்தியதே தெரியவில்லை. இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரத்தில் ஈரம் பட்ட பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தார்.

கல்முனைக் கிளினிக்கில் மருந்து கட்ட என் மோட்டார் சைக்கிளில்தான் கூட்டிப்போவேன். அங்கே காரைதீவுப் பிள்ளை ஒருத்தி தாதி. முதல் நாளே பொறுமையாக விளங்கப்படுத்தினாள். மெல்லிய தண்ணீராக, லேசான மஞ்சளில் ஊறினால் பயமில்லை, ஆறுகிற புண்ணும் அப்படித்தான் ஊறும். ரோஸ் நிறமென்றால் கொஞ்சம் இரத்தம் கலந்திருக்கிறது. தடித்து, பச்சையாக, நாற்றத்தோடு வந்தால் உள்ளே கிருமி, அன்றைக்கே ஓடி வர வேண்டும். கட்டிய துணியை அவிழ்க்காமல் அப்படியே வாருங்கள், அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும் என்றாள். காக்கா நன்றாகத் தலையாட்டினார்.

ஆனால் சீழ் நஜீஸ், அசுத்தம். அதை உடம்பில் வைத்துக்கொண்டு எப்படித் தொழுவது? அதைக் கொண்டுபோய் ஒரு பெண்பிள்ளையின் முன்னால் எப்படி நீட்டுவது? ஒவ்வொரு தொழுகைக்கும் துணியை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, புதிதாகக் கட்டினார். பழையதை அடுப்பில் போட்டார். புண் உள்ளவனுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று மௌலவியே வீடு தேடி வந்து சொன்னார். அது மற்ற ஆட்களுக்கு என்றுவிட்டார் காக்கா. கிளினிக் நாளில் கட்டின் மேல் அத்தரும் பூசிக்கொள்வார்.

தாதி குனிந்து பார்த்தால் பெருநாள் உடுப்புப் போல ஒரு துணி.

"என்ன காக்கா, கலியாணத்துக்கா வந்தீங்க? பழைய துணி எங்க?"

"எரிச்சிட்டன் மகள். அசிங்கத்தையா ஒங்களுக்கிட்ட கொண்டு வாற?"

"எனக்கு அந்த அசிங்கம்தான் வேணும், காக்கா."

பச்சை எப்போது தொடங்கியது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அடுப்புக்குத் தெரியும். காய்ச்சலில் அவர் விழுந்த அன்று அத்தரையும் மீறி நாறியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

எடுத்த காலை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்கிவிட்டு ஆஸ்பத்திரி வாட்டுக்குத் திரும்பினேன். காக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கழுவினியா தம்பி?"

"ஓம் காக்கா. விரல் இடுக்கெல்லாம்."

வெட்டிய இடமும் இன்னும் ஆறவில்லை. முழங்காலுக்கு மேலேயும் எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். துஆக் கேட்டுக் கேட்டு என் நாக்கு வறண்டுவிட்டது. காக்கா இப்போது கழுவுவதில்லை. ஊறிய துணியோடு கிளினிக் வாங்குப் பலகையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். துணியில் பச்சை தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போகிறார்கள்.

"நீயும் தள்ளி இரி தம்பி" என்கிறார்.

நான் இன்னும் நெருங்கி உட்காருகிறேன்.