என் மகளின் ஆய்வும் வடக்குத் தெருக் குப்பையும்

உடையார்பாளையம்,
வடக்குத் தெரு,
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் வீரமணி அவர்களுக்கு,

தங்கள் தங்கை செங்கமலத்தின் கணவன் பாலசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, கறவை மாடு ஆகியோர் சுகம். தாங்களும் அக்காவும் திருச்சியில் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதுவது முறை என்பதால் அதையும் எழுதிவிட்டேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி போடுகிறான் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் நான் போனில் ஒரு பேச்சை ஆரம்பித்தால் தங்கள் தங்கை அடுப்படியில் இருந்தே அதை முடித்து வைக்கிறாள், அதுவும் வேறு மாதிரி. அதனால்தான் இது. போன முறை என் சர்க்கரையைப் பற்றி விசாரித்தீர்கள். அரிசியை நிறுத்தி, காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி இரண்டு கோதுமை தோசை என்று தங்கள் தங்கை என்னை வைத்திருக்கிறாள். அப்படியும் அது இறங்கவில்லை. ஜெயங்கொண்டம் டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லையே, பெறகு ஏன் ஏறுது?" என்றார். எனக்கும் அதுதான் புரியவில்லை. அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

நம் லாவண்யா டிகிரி முடித்த கையோடு பி.எட். சேர்த்துவிடலாம் என்று நான் சொன்னபோது, "மாப்ள, நம்ம அரியலூர் பக்கம் பூரா சிமெண்ட் ஆலை. ஆலைக்கு ஆலை என்விரான்மென்ட் ஆபீசர்னு ஒருத்தர வெச்சாகணும். ஜீப்பு குடுப்பான்" என்று சொன்னவர் யார் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். தாங்கள்தான். தாய்மாமன் வாக்கு என்று நானும் தலையாட்டி, பல்கலைக்கழகத்தில் 'இயற்கை வளங்களும் சுற்றுச்சூழல் அறிவியலும்' என்ற எம்.எஸ்சி.யில் சேர்த்தேன். எதிர்வீட்டு ராஜராஜன், சிங்கப்பூரில் இருந்து வந்தவர் என்பதால் எதிலும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார், "இயற்கை வளம்னா சுண்ணாம்புக்கல்லு தோண்டுற படிப்பா, தோண்டுன குழிய மூடுற படிப்பா?" என்றார். இரண்டும் சேர்ந்ததுங்க என்று சொல்லிவைத்தேன். ஜீப்பை எந்த மரத்தடியில் நிறுத்துவது என்பது வரைக்கும் நான் யோசித்து வைத்திருந்தேன் மச்சான்.

இப்போது கடைசிப் பருவம். ஆய்வேடு எழுத வேண்டுமாம். "என்ன ஆராய்ச்சி பாப்பா, குவாரியா, தண்ணியா?" என்றேன். "திடக்கழிவுப்பா" என்றது. அப்படி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "நம்ம தெருக் குப்பைப்பா" என்றது. தெருவில் வீட்டுக்கு ஒரு பச்சைப் பை, ஒரு நீலப் பை கொடுத்து, மக்கும் குப்பையை ஒன்றிலும் மக்காததை இன்னொன்றிலும் போடச் சொல்லி, தினமும் காலையில் வாங்கி வந்து நம் கொல்லையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, கையுறை மாட்டிக்கொண்டு வகை பிரித்து, தொங்கு தராசில் எடை போட வேண்டுமாம். இதற்கு வழிகாட்டியாக ராசாத்தி மேடம் என்று ஒரு பேராசிரியை. அவரும் டாக்டர்தானாம், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய் லாவண்யா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எப்பவும் போடுறதையே போடுங்க, எனக்காக எதையும் மாத்தாதீங்க." எல்லோரும் அதற்கென்ன பாப்பா என்றார்கள். நம் தெரு மனுஷர்கள் அதற்கென்ன என்று சொன்னாலே கொஞ்சம் பயப்பட வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை.

ஏனென்றால் மச்சான், பல்கலைக்கழகத்தில் இருந்து நம் வீட்டுக் குப்பையைப் பார்க்கப் போகிறார்கள் என்றால், கண்டதையும் அப்படியே அள்ளிக் கொடுக்க முடியுமா? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வீட்டைக் கூட்டாமல் விடுவோமா? முதல் நாளே ராஜராஜன் சம்சாரம் வேணி பால் கவரை எல்லாம் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, நாலாக மடித்து அனுப்பினாள். மறுநாள் அவர்கள் பையில் பாதாம் டப்பா, பிஸ்தாத் தொலி, ஆப்பிளில் ஒட்டியிருக்குமே அந்த ஸ்டிக்கர், இதெல்லாம் மேலாக்கத் தெரிகிற மாதிரி இருந்தன. நான் பார்த்தேன். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. படிக்கிற பிள்ளையின் சொந்த வீட்டுப் பையில் முருங்கைக்காய் சக்கையும் கேழ்வரகு மாவுக் கவரும் மட்டும் கிடந்தால் அது யாருக்கு அசிங்கம்? அன்றைக்கே பஸ் ஏறி ஜெயங்கொண்டம் போய், இரண்டு மாதுளம்பழமும், பஸ் ஸ்டாண்டில் ஒரு இங்கிலீஷ் பேப்பரும் வாங்கி வந்து, பழத்தை மாட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தொலியைப் பச்சைப் பையிலும் பேப்பரை நீலப் பையிலும் போட்டேன். லாவண்யா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, மடிப்பு கூடப் பிரிக்கலையே" என்று மட்டும் சொன்னது. நாகரிகமான பிள்ளை. பேப்பர் மக்கும் பையில் போட வேண்டியதாம், அதையும் பிறகுதான் சொன்னது.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு ஞாயம் இல்லை. கலியம்மாள் வீட்டில் திடீர் என்று செவ்வாய்க்கிழமையில் ஆட்டு நல்லி எலும்பு. செவ்வாய்க்கிழமை கறி எடுக்கிற வீடா அது? விசாரித்தால், முந்தின நாள் ராஜராஜன் வீட்டுப் பையில் வந்த எலும்பை, "பாப்பா, எடை போட்டாச்சுன்னா அதக் குடேன், நாய்க்குப் போடுறேன்" என்று கலியம்மாள் வாங்கிப் போயிருக்கிறார்கள். புதன்கிழமை அதே எலும்பைப் பெரியம்மாள் வாங்கிப் போனார்கள், அவர்கள் வீட்டில் நாயே கிடையாது. வியாழக்கிழமை அது பெரியம்மாள் வீட்டுப் பையில் வந்து இறங்கியது. ஒரே ஒரு ஆடு, மச்சான், வடக்குத் தெரு முழுக்க விருந்து வைத்துவிட்டது. லாவண்யா ஒவ்வொரு தடவையும் அதை எடை போட்டு எழுதிக்கொண்டது. எழுத எழுத அதன் முகம் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன், வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை ராசாத்தி மேடம் நேரில் வந்தார்கள். நல்ல மாதிரி. தங்கள் தங்கை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தார்ப்பாயில் கிடந்ததை எல்லாம் ஒரு குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து, "லாவண்யா, இது குப்பை இல்லம்மா, சீர்வரிசை. இத வெச்சு ஆய்வேடு எழுத முடியாது. நெஜக் குப்ப வேணும். சித்திரைக்குள்ள கெடைக்கலன்னா இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷந்தான்" என்றார்கள். மேடம் காரில் ஏறிப் போகும்வரை லாவண்யா சிரித்த முகமாக நின்றது. அப்புறம் கொல்லையில் போய் மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதது. அது அழுது நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது மச்சான். ராஜராஜன் வீட்டைப் பார்த்து, "அடப் பாவிகளா, ஒரு பொண்ணோட படிப்புல வெளயாடிட்டீங்களேடா!" என்று வாய்விட்டே கத்தினேன். மாதுளம்பழ விஷயம் அந்த நேரம் என் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை முந்திரித் தோப்புக்குப் போனேன். கொட்டை விழுகிற காலம். தரையைக் கூட்டிச் சுத்தமாக வைத்தால்தான் ஆட்கள் குனிந்து பொறுக்குவார்கள். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் கண்ணையன் வேலி ஓரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். "அண்ணே, கெழக்கால வந்து பாருங்க. நம்ம தோப்ப எவனோ குப்பமேடு ஆக்கிட்டான்." போய்ப் பார்த்தால், மச்சான், மரத்துக்கு மரம் ஒரு குவியல். விடிவதற்கு முன்னால் வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். லாவண்யாவுக்குக் கொடுக்கிற பையில் பிஸ்தாவும் எலும்பும் போட்டுவிட்டு, நிஜக் குப்பையை வடக்குத் தெரு முழுக்க என் தோப்பில் போட்டிருக்கிறது! ரேஷன் பாமாயில் கவர், ஒரு ரூபாய் ஷாம்பு, குவார்ட்டர் பாட்டில், பேரப்பிள்ளையின் பேம்பர்ஸ், வெளிச்சாப்பாடு வாயிலேயே வைக்கமாட்டோம் என்கிற வேணி வீட்டுப் பரோட்டாப் பொட்டலம். குவார்ட்டர் பாட்டில் யாருடையது என்று எனக்குத் தெரியும், நான் எழுதமாட்டேன். அவர் சிங்கப்பூரில் இருந்தவர்.

நான் போட்ட சத்தத்தில் லாவண்யா வீட்டில் இருந்து ஓடி வந்தது. காலில் செருப்பு இல்லை. பார்த்தது. நான் நினைத்தேன், இதுவும் சேர்ந்து கத்தும் என்று. அது அப்படியே உட்கார்ந்து, அந்தப் பேம்பர்ஸைப் பார்த்து, மச்சான், சிரித்தது! "அப்பா! யாரும் தொடாதீங்கப்பா! இதுதாம்ப்பா என் தீஸிஸ்!" என்றது. மேடத்துக்கு உடனே போன். எந்தக் குவியல் எந்த வீடு என்று சொல்ல முடிந்தால் செல்லும் என்று மேடம் சொல்லிவிட்டார்களாம். கேஸ் சீட்டு, மாத்திரை அட்டை, பிள்ளைகளின் பரீட்சைத் தாள் எல்லாம் கிடக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறது. இப்போது குவியலுக்குக் குவியல் குச்சி நட்டு, துணி கட்டி, வீட்டு நம்பர் எழுதி வைத்திருக்கிறது. சித்திரை பிறக்கும்வரை ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாதாம். கொட்டை பொறுக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, "இங்க குனியறதுக்கு நாங்க வரலைங்க" என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆகவே மச்சான், நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் தோப்பு ஊர்க் குப்பைக்குக் காட்சிசாலை இல்லை. திங்கட்கிழமை காலை டிராக்டர் வரச் சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் வழித்து அள்ளிவிடப் போகிறேன். லாவண்யா இருக்கும்போது செய்தால் டிராக்டர் முன்னால் படுத்துக்கொள்ளும், அப்படிப்பட்ட பிள்ளை. எனவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றோ, மலைக்கோட்டைக்குப் போகலாம் என்றோ சொல்லி அதைத் திருச்சிக்கு அழைத்துப் போய்விட வேண்டும். போகிற வழியில், "போனது போகட்டும் பாப்பா, பி.எட். படி" என்று பக்குவமாகச் சொல்லவும். தாங்கள் சொன்னால் கேட்கும். ஜீப்பு என்று ஆரம்பித்து வைத்தவரே வந்து முடித்து வைப்பதுதான் நியாயம். இதைத் தங்கள் தங்கையிடம் மூச்சுவிட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விட்டுப்போக நம் மாரியாத்தா துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை,
பாலசுந்தரம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்துக் கவரில் போட்டுவிட்டு, சாயந்திரம் டிராக்டர் வருகிற வழியைப் பார்க்கத் தோப்புக்குப் போனேன். கிழக்குக் கோடியில் அந்தப் பழைய முந்திரி மரம் இருக்கிறதே, அதன் அடியில் ஒரு குச்சி. துணியில் 'வீடு 1' என்று எழுதியிருந்தது. அது நம் வீடு. நான் இலைச்சருகு போட்டு நன்றாகத்தான் மூடியிருந்தேன். அல்வா டப்பா, பாதுஷா டப்பா எல்லாவற்றையும் லாவண்யா சருகை விலக்கி வரிசையாக வைத்திருந்தது. சட்டென்று குனிந்து கையை நீட்டினேன். பின்னால் இருந்து, "அப்பா, ஒன்னு எடுத்தாலும் நம்ம வூட்டு எடை தப்பாயிடும்ப்பா" என்று சத்தம். அது தராசோடு நின்றுகொண்டிருந்தது. கோபமே இல்லை அதன் முகத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தீஸிஸ்ல பேரு வராதுப்பா, நம்பர் மட்டுந்தான். ஆனா மாத்திரைய ஒழுங்காப் போடுங்க" என்றது. "ஒங்கம்மா பார்த்தா என்னைத் தொலைச்சுடுவாளே பாப்பா" என்றேன். "அம்மா காலையிலேயே பார்த்துட்டாங்க. வீரமணி மாமா வூட்டுக்கு வராம தோப்போட வந்துட்டுப் போனப்ப சாப்பிட்டுப் போட்டதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றது.

நான் எதையும் எடுக்கவில்லை மச்சான். டிராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிழக்குப் பாதியில் கொட்டை விழுந்தால் விழட்டும். நிஜம் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்து, வேணி ஒரு சாக்கோடு வேலி ஓரம் வந்து எட்டிப் பார்க்கிறாள். நான் கட்டிலைத் தோப்பில் போட்டுக் கையில் கம்போடு உட்கார்ந்துவிட்டேன், இந்தப் பின்குறிப்பே இங்கிருந்துதான் எழுதுகிறேன். ஒரு குவார்ட்டர் பாட்டில்கூட இங்கிருந்து வெளியே போகாது. எனவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வரவே வேண்டாம். பி.எட். பேச்சையும் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு உபகாரம். டப்பாவில் போன வாரத் தேதி ஒட்டியிருக்கிறது, அதனால் போன புதன்கிழமை தாங்கள் இங்கு வந்து போனீர்கள். அண்ணனுக்குத் தின்ன ஆசை இப்படி ஏறிவிட்டதே, அவருக்கும் சர்க்கரை வந்துவிட்டதோ என்று தங்கள் தங்கை காலையில் இருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் போன் செய்தால் அல்வாவையும் பாதுஷாவையும் ஒத்துக்கொள்ளவும். லட்டைப் பற்றித் தாங்களாக எதுவும் சொல்லிவிட வேண்டாம், அது இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.