கமாலுதீன் பிடி விடாத படலம்

வாழ்க, வாழ்க! காரைக்கால் கடற்காற்று தாலாட்டத் தருமபுரத்தில் தொட்டிலேறிய தோன்றல், பல்லில்லாப் பெருவாயன், முடியில்லா முடிமன்னன், கமாலுதீன் வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டில் அவன் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். அப்போது அவனுக்கு வயது நாற்பத்திரண்டு நாள்.

அன்னை ஆஸியா பீவி முதல் மூன்று நாள் பொன்னிறச் சீம்பாலும், பின்னர் வெண்பாலுமாக, மகன் வளர வளர அவன் வயிறறிந்து பதம் மாற்றி வழங்கிவந்தாள். அந்த மாற்றமே வினையாயிற்று. குடிக்கத் தொடங்கும்போது துளிர்க்கும் பால் வெளிறி நீர்த்திருக்கக் கண்டாள் நாத்தனார் கமர் நிஷா, குவைத்துத் தம்பி அனுப்பிய கடிகாரம் துலங்கும் கையினள்.

"இது தண்ணிப் பாலு! பக்கத்துக்கு அஞ்சு நிமிஷம் குடு, போதும். நர்சம்மா நிறுக்கயில எடை ஏறலன்னா டின்னை ஒடச்சிடுவேன்."

அதுவும் குவைத்திலிருந்து வந்த பால்மாவு டின்தான். அலமாரி உச்சியில் அரசு வீற்றிருந்தது. தன் பிள்ளைக்குத் தன் பால் போதாது என்ற சொல் ஆஸியாவைச் சுட்டது. அந்த டின்னை அண்ணாந்து பார்த்தாலே அழுகை வந்தது.

மூண்டது போர்! வலப்பக்கத்தை முற்றுகையிட்டு, நீர்த்த முன்பாலென்னும் முன்னணித் தூசிப்படையைக் கடந்து, கொழுப்புச் செறிந்த பின்பாலென்னும் பெருநிதியம் எதிர்வரும் தறுவாயில், கடிகாரக் கை இறங்கி வீரனைப் பறித்து இடப்பக்கம் பெயர்க்கும். அங்கும் ஐந்தே நிமிடம். இருபக்கமும் நீதி வழங்கிய பெருமிதத்தில் கமர் நிஷா வெற்றிலை போடுவாள். பசி தீராத வீரன் தெரு அதிர முழங்குவான்.

தராசோடு வந்தாள் நர்சு மங்கையர்க்கரசி. எடை ஏறவில்லை. கமர் நிஷாவின் கண் அலமாரிக்குப் போயிற்று. நர்சு தடுத்தாள்:

"இன்னும் ஒரு வாரம் பொறுங்க. மொதல்ல வர்றது தாகத்துக்கு. போகப்போக வர்றதுதான் பசிக்கு. அவனா விடுற வரைக்கும் ஒரு பக்கமே குடிக்கட்டும். அந்த வாட்ச்சைக் கழட்டுங்க."

கமர் நிஷா கழற்றவில்லை. ஐந்தாம் நிமிடம் பழக்கதோஷத்தில் கை நீண்டது. அக்கணமே ஈறிரண்டும் இறுகப் பூட்டி, ஐவிரலால் கடிகார வாரைப் பற்றிப் பகைவியைச் சிறைபிடித்தான் கமாலுதீன்! அவள் இழுக்க, அதுவரை எதிர்த்துப் பேசியறியாத ஆஸியா அலறினாள்:

"விடுங்க லாத்தா, நோவுது! எம்புள்ள குடிக்கட்டும்!"

குனிந்தபடியே சிறையிருந்தாள் கமர் நிஷா. ஏழு நிமிடம், பன்னிரண்டு, பதினெட்டு. வீரனின் கடைவாயில் கெட்டியாய், வெள்ளைவெளேரென வழிந்தது அப்பெருநிதியம். தண்ணிப் பாலென்றவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவன் தானே பிடி விட்டு, விண்ணதிர ஏப்பமிட்டு, கடிகாரத்தின்மேல் கக்கித் துயின்றான்.

மறுவாரம் தராசு முள் துள்ளி ஏறியது. கமர் நிஷா டின்னை உடைத்து எல்லோருக்கும் டீ போட்டாள்.