ஏழாம் பிளாக்கின் செயின் ரம்பம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் சரித்திரத்தில் குறிக்கப்பட வேண்டிய சம்பவம், கல்கத்தா சால்ட் லேக் மத்திய அரசுக் குடியிருப்பின் ஏழாம் பிளாக் நலச் சங்கம் ஒரு செயின் ரம்பம் வாங்கியதுதான். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குத் தீர்மானம் நிறைவேற்றத் தெரியாது. ஏழாம் பிளாக்குக்குத் தெரியும்.

சங்கத்தின் செயலாளர் வைத்தியநாதன். முப்பத்தொரு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு ஃபைலைக்கூட அவசரப்பட்டு முடித்ததில்லை என்று நல்ல பெயர் எடுத்தவர். ஆகஸ்டு கடைசியில் அடித்த காற்று மழையில் கேட்டருகே நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தபோது எல்லாரும் "ஐயோ" என்றார்கள். அவர் மட்டும் "கமிட்டி போடணும்" என்றார். தலைவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

மரம் போய் விழுந்தது தீப்தியின் அடுப்பின் மேல். கேட்டுக்கு வெளியே நடைபாதையில் பன்னிரண்டு வருஷமாக விறகடுப்பு வைத்து கிச்சுரி என்கிற வங்காளப் பருப்புச் சாதமும் கத்திரிக்காய் வறுவலும் போடுகிறவள் தீப்தி. நல்ல வேளை, அப்போது அவள் அங்கே இல்லை. தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டுப் போட்டு அவளுக்குச் சொந்தமாக ஒரு தமிழும் வந்திருந்தது. அண்ணனைத் 'தாதா' என்பது மட்டும் வங்காளத்திலேயே நின்றுவிட்டது.

"தாதா, கோடாலி இருக்கு. தம்பி இருக்கான். ரெண்டு நாள்ல வெட்டிடும். நான் அடுப்பு வைக்கணும்."

"அவசரப்படாதே தீப்தி. வேர் காம்பவுண்டுக்குள்ள இருக்கு. அதனால மரம் சங்கத்துச் சொத்து. கோடாலியெல்லாம் அந்தக் காலம். மிஷின் வாங்கி 'விஞ்ஞான முறை'யில அறுக்கப்போறோம். விறகு பொங்கப் பானைக்குன்னு தீர்மானமே போட்டாச்சு."

"பொங்கல் ஜனவரியில வரும் தாதா. துர்கா பூஜை முடியறதுக்குள்ள நான் இங்க உக்காரலேன்னா மோமோக்காரன் வண்டியைப் போட்டுடுவான். அப்புறம் எனக்கு இடம் ஏது?"

"அதையும் 'நோட்' பண்ணிக்கறேன்" என்று அவர் உண்மையாகவே குறித்துக்கொண்டார்.

வைத்தியநாதன் கல்நெஞ்சக்காரர் அல்ல. வீட்டில் மனைவி சுந்தரவல்லி, சர்க்கரை ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் ஓட்ஸ்தான் போடுகிறாள். தீப்தியின் கிச்சுரி ஒன்றுதான் அவர் நாக்குக்கு மிச்சமிருந்த ஆறுதல். மரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் மனசு உருகியது. ஆனால் உருகிய மனசை எந்த ஃபைலில் வைப்பது?

மிஷின் செப்டம்பர் பதினாறாம் தேதி வந்தது. மறுநாள் விஸ்வகர்மா பூஜை. மிஷினை இயக்க நியமிக்கப்பட்ட பிளாக் எலக்ட்ரீஷியன் தீபக், "இன்னிக்கு எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஊர் வழக்கப்படி பட்டம் விட மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அந்த பக்தியைக் கண்டு நெகிழ்ந்த வைத்தியநாதனும் கூடப் போய் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து பார்த்தால், மரத்தின் மேல் தீப்தி உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது.

அடுத்து 'பயிற்சிக் காலம்'. கண்ணாடி வந்தது, கையுறை வரவில்லை. கையுறை வந்தது, இரண்டும் இடது கைக்கு. அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது.

நவமியன்று ஏழாம் பிளாக்கின் தமிழர்களுக்கு ஆயுத பூஜை. சரஸ்வதி படத்துக்கு எதிரே, சின்ன மேஜையில் மிஷின் சந்தனம் குங்குமத்தோடு எழுந்தருளியது. மாலை போட்டாயிற்று. அப்போதுதான் சுந்தரவல்லி பார்த்தாள்.

"ஏன்னா, இது சரஸ்வதியைப் பாத்துப் பல்லைக் காட்டிண்டிருக்கே! அபசாரம் இல்லையோ?"

மிஷினையே திருப்பி வைத்திருக்கலாம். ஆனால் போட்ட மாலையைக் கலைப்பது அதைவிடப் பெரிய அபசாரம். வைத்தியநாதன் ஸ்பேனரை எடுத்து, செயினை மட்டும் கழற்றி, பற்கள் அம்பாளுக்கு முதுகு காட்டும்படி பயபக்தியோடு திருப்பி மாட்டினார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் தாமே தம் கையால் செய்து முடித்த முதல் வேலை அதுதான்.

விஜயதசமி காலை. துர்கா பந்தலில் டாக் மேளம் முழங்க, எலுமிச்சம்பழம் நசுக்கி, தீபக் கயிற்றை இழுத்தான். மிஷின் கர்ஜித்தது. கூட்டம் கை தட்டியது. மரத்தில் வைத்தான். புகை வந்தது. இன்னும் அழுத்தினான். இன்னும் நிறையப் புகை வந்தது. பத்து நிமிஷத்தில் மரத்தில் ஓர் இடம் பளபளவென்று மெருகேறியிருந்தது. அறுபடவில்லை.

"செயின் உல்டாவா மாட்டியிருக்கு, தாதா" என்றான் தீபக். "பல்லும் கருகிப்போச்சு. சாணை பிடிக்கிற கடை லக்ஷ்மி பூஜைக்கு அப்புறம்தான் திறக்கும். இன்னும் அஞ்சு நாள் ஆகும்."

"இவ்வளவு புகை வந்திருக்கே, அதுவே நல்ல முன்னேற்றம்தான்" என்றார் வைத்தியநாதன்.

தீப்தி கூட்டத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, டேப்பை நீட்டி நடைபாதையை அளந்துகொண்டிருந்த மோமோக்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடியும்போது அவளும் தம்பியும் கோடாலியோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் மாலைக்குள் மரம் இல்லை. விறகு முழுவதும் மாடிப்படிக்கு அடியில், அளவெடுத்தாற்போல, சங்கத்துக்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தீப்தி எடுத்துக்கொண்டது மூன்று கூடை சிராய். மோமோக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

முதல் தட்டு வைத்தியநாதனுக்கு. "தாதா, உடம்பு இளைச்சுப்போச்சு" என்று தீப்தி இன்னொரு கரண்டி போட்டாள். ஒன்றரை மாத ஓட்ஸுக்குப் பிறகு அந்த வாசனை! அவருக்குக் கண் கலங்கியது.

சங்கத்தின் அறிக்கை அன்றே தயாராயிற்று. "நவீன இயந்திரத்தின் உதவியால் மரம் வெற்றிகரமாக அகற்றப்பட்டது." கூடவே ஒரு போட்டோ: விறகுக் குவியலின் மேல் மாலையோடு மிஷின், பக்கத்தில் செயலாளர். ஆனால் அறிக்கை என்றால் கணக்கு நேராக இருக்க வேண்டாமா? மூன்று கூடை சிராய் குறைந்தது. சங்கச் சொத்தை அனுமதியின்றி எரித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தீப்திக்கு ஒரு நோட்டீஸும் தயாராயிற்று. மறுநாள் அவர் சாப்பிடும் வேளையில் தீபக் அதைக் கையெழுத்துக்காக நடைபாதைக்கே கொண்டுவந்தான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வைத்தியநாதன் நினைத்தார். அதனால்தான் நோட்டீஸில் அவள் பெயர் ஒரு பிழையுமில்லாமல் இருந்தது. கையெழுத்தை மட்டும் இடது கையால் போட்டார். வலது கை முழுக்க அவள் போட்ட சோறு.